வன்னியில் வீடு பெயர்த்த சொற்கள்

பெருநகரங்களில் வீடு மாறுவோர் பொதிகட்டல், ஏற்றுகூலி, இறக்குகூலி முதலிய சில சொற்களோடு தம் தேவையை முடித்துக்கொள்ள, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிப் பெருநிலத்தில் உள்நாட்டுப் போரே மக்களைப் பெயர்த்தமையால், அங்கே வீடு பெயர்த்தலுக்குரிய சொற்கள் ஒருபுறம் மக்களின் வாய்வழக்கிலும் மறுபுறம் அலுவலகப் படிவங்களிலும் உருவாயின.

2008ஆம் ஆண்டில் மன்னார்ப் பக்கமிருந்து அரச படைகள் முன்னேற, துணுக்காய், மல்லாவி, கிளிநொச்சி மக்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கே ஒதுங்கியபோது, பொருள்களைச் சுமந்தவை உழவு இயந்திரத்தின் பின்னே பூட்டப்படும் ‘பெட்டி’யும், ‘லாண்ட்மாஸ்டர்’ எனப்படும் இருசில்லு உழவு இயந்திரமுமே ஆகும். வீட்டுச் சாமான்களோடு வீடும் பெயர்ந்தது; கூரைத் தகரங்களும் ஓடுகளும், கதவு, யன்னல்களும் கழற்றி ஏற்றப்பட்டு, இறங்கிய இடத்தில் கொட்டிலாக மீண்டும் எழுந்தன. அது இயலாதோர் ‘தறப்பாள்’ என்னும் நீர்புகாத விரிப்பைக் கூரையாக்கி, அதன் அருகே ‘பங்கர்’ எனப்படும் பதுங்குகுழியை வெட்டினர். ஒவ்வொரு பெயர்விலும் சுமை குறைந்துகொண்டே வர, 2009 மே மாதத்தில் போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த பலரிடம் ஒரு கைப்பையே எஞ்சியிருந்தது. இத்துணை உழைப்பையும் இழப்பையும் தாங்கிய இச்சொற்கள் பாடநூல்களிலும் அகராதிகளிலும் உரிய இடம் பெற வேண்டியவை.

அலுவலகச் சொற்கள் வேறு வகையின. அவை ஒருவருக்கு எந்த உரிமை உண்டு என்பதை வரையறுப்பவை. நாட்டெல்லையைக் கடந்து தமிழ்நாட்டின் மண்டபம் முகாமை அடைந்தவர் ‘அகதி’ எனப்பட, எல்லைக்குள்ளேயே அலைந்தவர், 1998இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு முன்வைத்த வழிகாட்டு நெறிகளின்படி ‘உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்’ ஆவார். ஊர்ப்பேச்சிலோ இருவருமே அகதிகள்தாம். போரின் முடிவில் மூன்று இலட்சத்துக்கு அண்மித்த மக்கள் ‘நலன்புரி நிலையங்கள்’ என்று பெயரிடப்பட்ட முகாம்களில் வைக்கப்பட்டனர். அவற்றுள் மிகப் பெரியதான செட்டிகுளம் மெனிக் பாமின் பிரிவுகள் இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி என்னும் தமிழறிஞர், தலைவர்களின் பெயர்களைத் தாங்கியிருந்தன. ஆயினும் முட்கம்பி வேலிக்குள் அடைபட்டு, 2009 டிசம்பர் வரை விரும்பியபடி வெளியே செல்ல அனுமதி பெறாதிருந்த மக்களின் நிலையை ‘நலன்புரி’ என்ற சொல் மறைத்தது என்பதே உண்மை.

இந்த அலுவலகச் சொற்களுள் இன்றளவும் விளக்கம் வேண்டி நிற்பது ‘மீள்குடியேற்றம்’ ஆகும். சொந்தக் காணிக்குத் திரும்புதலே இதன் இயல்பான பொருளாயினும், 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது, அங்கிருந்து இறுதியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள், தம் காணிகள் படையினர் வசம் இருந்தமையால், வேறோர் இடத்தில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களது பெயர்கள் முகாம் பதிவிலிருந்து நீங்கினவே தவிர, அவர்கள் தம் வீடு சேரவில்லை. ஆகவே அதனை மீள்குடியேற்றம் என்று கணக்கிடுதல் பிழையாகும்.