கடைசி இடத்துக்காரர் வீழ்த்திய இரண்டு புலிகள்!

பெருந்துறைப் பள்ளி மாணவன் ஒருவன், தன்னைவிடப் பல மடங்கு தேர்ந்தவருடன் செஸ் ஆட உட்காருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எப்படியும் தோற்கத்தானே போகிறோம்?" என்று அவன் மனம் கலங்கும். அவன் கேட்க வேண்டிய கதை இது.

1962-ம் ஆண்டு. சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரம். உலக சாம்பியன் பட்டத்துக்கான தேர்வுப் போட்டி. களத்தில் 23 பேர். அவர்களில் ஒருவர் மானுவல் ஆரன். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டர். எதிரிலோ, அமெரிக்காவின் பாபி பிஷர் போன்ற சூரர்கள்!

முடிவு? பிஷருக்கு முதலிடம். 22 ஆட்டங்களில் 4 புள்ளி மட்டும் பெற்ற ஆரனுக்குக் கடைசி இடம்.

ஆனால், அந்த நான்கு புள்ளிகளுக்குள் இருப்பது என்ன தெரியுமா? ஹங்கேரியின் போர்ட்டிஷ், கிழக்கு ஜெர்மனியின் உல்மன் என்ற இரண்டு கிராண்ட்மாஸ்டர்களை அவர் வீழ்த்திய வெற்றிகள்! அன்று இந்தியாவில் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூடக் கிடையாது.

1972-ல் சென்னையில் ஆரன் ஒரு செஸ் கிளப்பைத் தொடங்கினார். அங்கே ஆடிப் பழகிய சிறுவன் விசுவநாதன் ஆனந்த், 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்!

எதிராளி பெரியவரா? இருக்கட்டும், தம்பி! காயை நகர்த்து!