வானத்தில் சிவப்பு, இருட்டில் பச்சை

விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை வட்டத்தின் கரிசல் காட்டுக்குள் இருக்கிறது ஏழாயிரம்பண்ணை. ஊரைச் சுற்றிப் பட்டாசு ஆலைகள். பேன்சி ரகத்துக்கு, வானில் நிறமாய் எரியும் மணிமருந்து செய்து பழகிய இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நிறக்கணக்கு கைப்பாடம்: ஸ்ட்ரான்சியம் உப்பு சிவப்பு, பேரியம் பச்சை, சோடியம் மஞ்சள், செம்பு நீலம்.

அதே ஸ்ட்ரான்சியத்தை அலுமினிய ஆக்சைடோடு உலையில் சுட்டு, துளி யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் சேர்த்தால் வேறொரு பொடி கிடைக்கும். கொஞ்ச நேரம் வெயில் காட்டி இருட்டறைக்குக் கொண்டுபோனால் விடிய விடிய ஒளிரும். புகை இல்லை, சூடு இல்லை, பற்றிக்கொள்ளும் பயமும் இல்லை. வானத்தில் சில நொடி சிவந்து மறையும் ஸ்ட்ரான்சியம், இந்தப் பொடியில் இரவெல்லாம் நிற்கிறது. ஆனால் பச்சையாக நிற்கிறது.

அப்படியானால் இரவெல்லாம் நிற்கும் சிவப்பு? பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகளாக அதைத்தான் தேடுகின்றன.

செருப்புத் தொழிலாளி கண்ட கல்

முதலில் அகப்பட்டது சிவப்பு வகைதான் என்பது இந்தக் கதையின் வியப்பு. 1603 வாக்கில் இத்தாலியின் போலோனா நகரில் வின்சென்சோ காசியரோலோ என்ற செருப்புத் தொழிலாளி, மலையடிவாரத்தில் கிடைத்த கனமான கல்லைக் கரியோடு சேர்த்துச் சுட்டார். தங்கம் கிடைக்கும் என்பது அவர் ஆசை. கிடைத்தது, வெளிச்சத்தில் வைத்து எடுத்தால் இருட்டில் செம்மஞ்சளாய்க் கனலும் கல். அது பேரைட், சுட்டதில் பேரியம் சல்பைடாக மாறியிருந்தது. அதில் கலந்திருந்த சிறிதளவு செம்புதான் அந்த ஒளிக்குக் காரணம் என்பது 2012இல்தான் தெளிவானது.

நம் ஊர்க் கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது. நெருப்பில் பச்சை தரும் பேரியம் இருட்டில் சிவக்கிறது. நெருப்பில் சிவப்பு தரும் ஸ்ட்ரான்சியம் இருட்டில் பச்சையாகிறது. காரணம், இரண்டும் வேறு வேறு வழியில் பிறக்கும் ஒளி. மணிமருந்து எரியும்போது அந்தச் சூட்டில் ஸ்ட்ரான்சியம் குளோரினோடு சேர்ந்து, சிவப்பை உமிழ்கிறது. ஒளிரும் பொடியில் ஸ்ட்ரான்சியம் வீடு மட்டுமே. விளக்கேற்றுவது குடியிருக்கும் யூரோப்பியம்.

கண்மாயும் மடையும்

பொடிக்குள் நடப்பதைக் கண்மாயை வைத்துப் புரிந்துகொள்ளலாம். வெளிச்சம் படும்போது யூரோப்பியத்தின் எலக்ட்ரான்கள் மேலே ஏறுகின்றன. உடனே இறங்கிவிடாமல், டிஸ்ப்ரோசியத்தால் படிகத்தில் உண்டான குழிகளில் தேங்கிக்கொள்கின்றன. அறையின் சாதாரண வெதுவெதுப்பே மடை. அது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட, திரும்பிவரும் ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு பொட்டு ஒளி. குழி ஆழம் குறைந்தால் சில நிமிடத்தில் வடிந்துவிடும். கூடினால் தேங்கியது தேங்கியபடியே கிடக்கும்.

இந்த ஆழத்தைச் சரியாகப் பிடித்தவர்கள் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனத்தார். கடிகார முள்ளுக்குக் கதிரியக்கம் இல்லாத பூச்சு தேடியபோது அவர்களுக்கு இந்தப் பச்சைப் பொடி அகப்பட்டது. 1996இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

சிவப்புக்கு என்ன தடை?

யூரோப்பியத்தின் நிறம் அது குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தது. அலுமினேட் வீடுகளில் நீலமும் பச்சையும் தரும். கால்சியம் சல்பைடில் வைத்தால் நல்ல சிவப்பு. ஆனால் சல்பைடுக்கு ஈரம் ஆகாது. மழைக்காலக் காற்று பட்டாலே சிதைந்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவை விடும். போலோனா கல்லையும் கெடுத்தது இதே ஈரம்தான்.

அடுத்த வழி, பழைய பெட்டி டிவித் திரையில் சிவப்பு தந்த இட்ரியம் ஆக்சிசல்பைடு. அதில் மக்னீசியமும் டைட்டானியமும் சேர்த்தால் சில மணி நேரம் செந்நிறம் நிற்கிறது; பச்சையின் ஆயுளை எட்டுவதில்லை. பிரசியோடிமியம் சேர்த்த கால்சியம் டைட்டனேட் ஈரத்துக்கு அஞ்சாது, நிறமும் சுத்தமான சிவப்பு. ஒளிதான் சீக்கிரம் மங்கிவிடுகிறது. பச்சைப் பொடியோடு சிவப்புச் சாயத்தைக் கலந்து நிறம் மாற்றுவதும் உண்டு. அதில் பாதி வழியிலேயே ஒளி வீணாகும், சாயம் வெயிலில் வெளுக்கும்.

இன்னொரு தடை நம் கண். அந்தி மயங்கும்போது செம்பருத்திச் செடியைப் பாருங்கள்: இலை தெரியும், பூ கறுத்துவிடும். செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் குறித்துவைத்தார். இருட்டில் நமக்காகப் பார்ப்பவை கண்ணின் குச்சி செல்கள். அவை 507 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது நீலப்பச்சையில், மிகக் கூர்மையானவை. 620 நானோமீட்டர் சிவப்பில் அந்தக் கூர்மை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. சிவப்புப் பொடி பச்சைக்குச் சமமாகத் தெரிய, அதைவிடப் பல மடங்கு உழைக்க வேண்டும்.

2020இல் புது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் கள்ளநோட்டைப் பிடிக்க ஒரு மை உருவாக்கியது. புற ஊதா விளக்கின் கீழ் சிவப்பாகத் தெரியும். விளக்கை அணைத்ததும் பச்சையாக மின்னும். விளக்கு எரியும்வரை சிவப்பு எளிது, அணைந்தபின் நிற்பது பச்சைதான் என்பதை ஒரு துளி மை காட்டிவிடுகிறது.

வாளி தெரிய வேண்டும்

இவ்வளவு பாடுபட்டுச் சிவப்பு எதற்கு? சிவப்பு ஒளி சதையை ஊடுருவும். டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் உடலுக்குள் கட்டியைத் தேட, குரோமியம் சேர்த்த சிங்க் காலேட் போன்ற பொடிகளை ஆய்வாளர்கள் சோதிக்கிறார்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணைச் சிவப்பு கூசவைக்காது. கப்பலிலும் வானாய்வுக்கூடத்திலும் அதன் மதிப்பு அதிகம்.

எனக்கு நெருக்கமான காரணம் வேறு. மருந்து கலக்கும் அறைக்குள் வயர் ஓடக்கூடாது. ஒரு பொறி போதும், எல்லாம் முடிந்துவிடும். வயரும் பொறியும் இல்லாத ஒளிக்கு இதைவிடத் தகுந்த இடம் எது? பச்சைப் பொடியால் வெளியேறும் வழியை இன்றே காட்டலாம். ஆனால் தீயணைக்கும் மணலும் தண்ணீரும் இருப்பது சிவப்பு வாளியில். புகை மூடி வெளிச்சம் குறையும்போது முதலில் கறுத்துப்போவது அந்தச் சிவப்புதான். இன்று விற்கும் ஒளிரும் தீயணைப்புப் பலகைகளிலும் எழுத்துதான் பச்சையாக மின்னும். சிவப்புப் பின்னணி இருட்டோடு இருட்டாகிவிடும். எத்தனையோ வெடிவிபத்துகளைப் பார்த்த பூமி இது. ஓடும் ஒருவருக்கு 'இது வழி', 'இது வாளி' என்று நிறத்திலேயே பிரித்துக் காட்டும் பலகை வீண் செலவாகாது.

அதற்கான அறிவும் தொலைவில் இல்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஒளிர்பொருள்களையும் ஆராய்ந்திருக்கிறது, பசுமைப் பட்டாசு ஆய்விலும் பங்கெடுத்திருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா வரை போனார்கள். திரும்பி வந்து ஒரு வட்டாரத்துக்கே வாழ்வு தந்தார்கள். இன்று வேதியியல் படிக்கும் ஏழாயிரம்பண்ணைப் பிள்ளைக்குக் காரைக்குடி அவ்வளவு தூரமில்லை. ஸ்ட்ரான்சியத்தின் சிவப்பைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த வீட்டிலிருந்து போகிற அந்தப் பிள்ளை, எரியாத சிவப்பு ஒன்றை ஊருக்குக் கொண்டுவரட்டும். அதன் முதல் பூச்சு அப்பாவும் அம்மாவும் வேலை பார்க்கும் அறையின் வாசலில், அந்த வாளிக்கு மேலே பூசப்பட வேண்டும்.