கல்லூரிக் களமும் வருங்கால வீரனும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும் முளையைக் கண்டு விளைச்சலைக் கூறுதல் எல்லார்க்கும் எளிதன்று. வட அமெரிக்காவிலே, பனிக்கட்டித் தளத்தின்மீது ஆடப்பெறும் ஐஸ் ஹொக்கி விளையாட்டில், இதனையே தொழிலாகக் கொண்டோர் பலர் உளர். பல்கலைக்கழக அணிகளில் ஆடும் மாணவர்களைக் கண்டு, அவர்களுள் எவர் நாளை தேசிய ஹொக்கி லீக் என்னும் தொழில்முறைக் களத்தில் நிலைபெறுவர் எனக் கணிப்பதே அன்னார் பணி. அவர்கள் எதனை நோக்குகின்றனர், எவ்விடத்துத் தவறுகின்றனர் என்பதை நாம் சிறிது ஆராய்வோம்.

இவ்விளையாட்டில் பந்து இல்லை. இறப்பராலான தட்டையான வட்டு ஒன்றே உண்டு. அதனைக் கோலுக்குள் அடித்தவனுக்கு ஒரு புள்ளி. அதற்குமுன் வட்டினைத் தள்ளிக் கொடுத்துத் துணைநின்றோர் இருவர் வரைக்கும் ஆளுக்கொரு புள்ளி. பருவ முடிவில் இப்புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, மிகுதியாகப் பெற்றவனே சிறந்தவன் என முடிவு கட்டிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கின்றது.

இருவரை ஒப்பிட்டு நோக்குவோம். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக வீரர் ஜேசன் குரோக் 1998-99 பருவத்தில் 41 ஆட்டங்களில் 85 புள்ளிகள் பெற்று, சிறந்த கல்லூரி வீரருக்குரிய ஹோபி பேக்கர் விருதினை வென்றார். பொஸ்டன் பல்கலைக்கழக வீரர் மக்லின் செலபிரினி 2023-24 பருவத்தில் 38 ஆட்டங்களில் 64 புள்ளிகள் பெற்று அதே விருதினை வென்றார். எண்ணை மட்டும் நோக்கின் முன்னவரே மேலானவர். ஆனால் பின்னர் நடந்தது என்ன? குரோக் தேசிய லீக்கில் ஆடிய 202 ஆட்டங்களிலும் சேர்த்துப் பெற்றவை 59 புள்ளிகளே. செலபிரினியோ 2024 இல் முதலாமவராகத் தெரிவு செய்யப்பெற்று, தமது முதற் பருவத்திலேயே 70 ஆட்டங்களில் 63 புள்ளிகள் பெற்றுவிட்டார்.

இவ்வேறுபாட்டிற்குப் பெரிதும் காரணமாவது வயது. விருது பெற்ற பருவத்தில் குரோக்கிற்கு 23 வயது. செலபிரினிக்கு 17 வயது. பள்ளிக்கூடம் விட்டபின் ஓரிரு ஆண்டுகள் இளையோர் கழகங்களில் ஆடி, 20 வயதளவில் பல்கலைக்கழகம் புகுவோர் அங்கே பலர். ஆதலால் ஒரே களத்தில் முதிர்ந்த இளைஞரும் மீசை அரும்பாத சிறுவரும் எதிர்நிற்பர். மூத்தோர் நடுவே இளையவன் பெறும் ஒரு புள்ளி, மூத்தவன் பெறும் ஒரு புள்ளியினும் கனமுடையது. 1992-93 இல் மெயின் பல்கலைக்கழகத்தில் 18 வயதிலே 39 ஆட்டங்களில் 100 புள்ளிகள் குவித்த போல் கரியா, பிற்காலத்தில் ஹொக்கிப் பெருமை மண்டபத்தில் இடம்பெற்றார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

வயதோடு ஆராயவேண்டியன வேறும் உள. உடன் ஆடிய தோழர் எத்தகையோர்? எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே இருக்கும் வேளையில் மட்டும் புள்ளி சேர்த்தாரா, அன்றிச் சமமான நிலையிலும் சேர்த்தாரா? எதிர்த்த அணிகள் வலியனவா? கல்லூரி வீரர் பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில் ஆடிப் பருவமொன்றில் 40 ஆட்டங்கள் அளவில் முடித்துக்கொள்வர். தேசிய லீக்கிலோ 2024-25 பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள். அவ்வுழைப்பை உடல் தாங்குமா என்பதும் கேள்வியே.

உடலை நோக்கியே தவறியோரும் உளர். வேர்மொண்ட் பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 1997 வரை ஆடிய மார்ட்டின் செயின்ட் லூயி 267 புள்ளிகள் பெற்றவர். ஆயினும் உயரம் 5 அடி 8 அங்குலமே. எந்த அணியும் அவரைத் தெரிவில் எடுக்கவில்லை. சிறிய கழகங்களில் ஆடிப் பொறுத்திருந்து, 2000 இல் டாம்பா பே அணியில் சேர்ந்தார். 2003-04 பருவத்தில் 94 புள்ளிகளோடு லீக்கில் முதலிடம் பெற்றதுடன், அவ்வணி ஸ்டான்லி கிண்ணத்தை வெல்லவும் துணைநின்றார். 2018 இல் பெருமை மண்டபம் அவரையும் வரவேற்றது. இங்கே புள்ளிகள் பொய் சொல்லவில்லை. அளவுகோலைக் கையிற் பிடித்தோரே அவற்றை நம்பவில்லை.

ஆகவே எண்ணை எறிந்துவிடுதலும் கூடாது. எண்ணையே தெய்வமாகக் கொள்ளுதலும் கூடாது. எந்த வயதில், எவர் நடுவில், எத்தகைய துணையோடு பெற்ற எண் அது என்று வினவுதலே அறிவுடைமை. பிள்ளைகளின் புள்ளிப் பத்திரத்தைக் கையில் ஏந்தும் பெற்றோரும் இதனை மனங்கொள்வாராக. குறைந்த புள்ளி பெற்ற மாணவரும், தம்மை எவரும் தெரிவு செய்யவில்லையே என்று உழைப்பைக் கைவிடாதிருப்பாராக.