வாயில்லா ஜீவனுக்கு ஓர் எக்ஸ்ரே!



உங்களுக்கு வயிறு வலித்தால், "அம்மா, இங்கே வலிக்குது" என்று தொட்டுக் காட்டுவீர்கள். உங்கள் வீட்டு நாய்க்குட்டி என்ன செய்யும்? மூலையில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். சோறு வைத்தால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எங்கே வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாதே! அந்த நேரத்தில் கால்நடை மருத்துவருக்குக் கைகொடுப்பதுதான் எக்ஸ்ரே.

1895ஆம் ஆண்டு நவம்பரில், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தவர் வில்ஹெல்ம் ராண்ட்ஜன். இது என்ன கதிர் என்று அவருக்கே புரியவில்லை. கணக்கில் தெரியாத எண்ணை 'எக்ஸ்' என்போம் அல்லவா? அதுபோல இதற்கும் 'எக்ஸ் கதிர்' என்று பெயரிட்டார். 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

எக்ஸ் கதிர் உடலுக்குள் புகுந்து மறுபக்கம் வரும். எலும்பு அதைப் பெரிதும் தடுத்துவிடும். அதனால் படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரியும். சதை சாம்பல் நிறமாகவும், காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும் தெரியும். நாய் விழுங்கிய நாணயமோ ஊசியோ பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும்.

படம் எடுக்கும்போது வலிக்காது. ஆனால் ஆடாமல் அசையாமல் படுக்க வேண்டுமே! துள்ளும் குட்டிகளுக்கு டாக்டர் அமைதிப்படுத்தும் ஊசி போடுவதுண்டு. பக்கவாட்டில் ஒன்று, மல்லாத்தி ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு படங்கள் எடுப்பார்கள். ஏன் தெரியுமா? ஒரு நாணயத்தை நேராகப் பாருங்கள், வட்டம். விளிம்புப் பக்கமாகப் பாருங்கள், வெறும் கோடு! இரண்டு பக்கமும் பார்த்தால்தான் உள்ளே இருப்பது என்ன, எங்கே என்று சரியாகப் புரியும். கதிர் அடிக்கடி உடலில் படுவது நல்லதல்ல. அதனால்தான் அங்கே வேலை செய்பவர்கள் ஈயம் வைத்த கவச உடை அணிகிறார்கள். நீங்கள் வெளியேதான் காத்திருக்க வேண்டும்.

நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாட்கள். 55 நாட்களுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தால் குட்டிகளின் மண்டையோடுகளையும் முதுகெலும்புகளையும் எண்ணிவிடலாம். படத்தில் ஐந்து குட்டிகள், பிறந்தவை நான்கு என்றால், இன்னொன்று உள்ளே சிக்கியிருக்கிறது என்று டாக்டர் உஷாராகிவிடுவார்.

ஆனால் எக்ஸ்ரேக்கும் தெரியாதவை உண்டு. துணி, நூல், மெல்லிய பிளாஸ்டிக் ஆகியவை படத்தில் சரியாகத் தெரிவதில்லை. அப்போது பேரியம் என்ற வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்தோ, ஸ்கேன் எடுத்தோ தேடுவார்கள்.

இங்கேதான் உங்கள் உதவி தேவை. சாக்ஸ் ஒன்றைக் காணோமா? பொம்மையின் காது பிய்ந்திருக்கிறதா? உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். பூனையின் வாயில் நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். அது குடலை அறுத்துவிடும். அப்படியே டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

"பந்தைக் கீழே போட்டது நான்தான், சொன்னால் திட்டுவார்களே" என்று மறைக்கவே கூடாது. திட்டு நாளைக்கு மறந்துபோகும். நேரத்தோடு நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, குட்டியின் உயிரைக் காப்பாற்றும். சொல்வீர்கள்தானே?