மனைபுகும் பாம்பு

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கித் தெற்கே செல்லும் கரையோர வீதியில், அளம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்ததும் நாயாற்றுக் கடனீரேரி எதிர்ப்படும். ஒருபால் கடலும் மணற்றிட்டும், மறுபால் கண்டலும் பற்றைக்காடும் வயலுமாக அமைந்த இந்நிலத்தில் எலியும் தவளையும் மிகுதி. ஆகவே பாம்பும் மிகுதி. 1984ஆம் ஆண்டின் இறுதியில் இப்பகுதி ஊர்கள் பலவற்றின் மக்கள் தம் மனைகளை விட்டு வெளியேறினர். போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னரே அவர்களுட் பலர் மீண்டனர். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் வளவுகள் காடாயின. இடிந்த சுவரும் தூர்ந்த கிணறும் பாம்புக்கு உறைவிடமாயின. மீண்டு வந்து கொட்டிலிட்டு நிலத்திற் படுத்துறங்கியோர்க்குப் பாம்பை அகற்றுதல் அன்றாடக் கவலையாயிற்று.

வன்னி மக்கள் நாகத்தை எளிதில் அடியார். புதூரிலும் புளியம்பொக்கணையிலும் கோயில் கொண்ட நாகதம்பிரானை வேண்டி, அது விலகிச் செல்ல வழிவிடுவர். புடையன் எனப்படும் கண்ணாடி விரியனுக்கோ அச்சலுகை இல்லை. நஞ்சற்ற வெங்கிணாந்திக் குட்டியும் புடையனெனக் கருதப்பட்டு மடிவதுண்டு. இக்காலத்தில் மூன்றாவது வழியொன்று பரவி வருகிறது: பாம்பைப் பிடித்துச் சாக்கிலிட்டுத் தொலைவிலுள்ள காட்டில் விடுதல். அருளுடைய செயலாகத் தோன்றும் இதுவே ஈண்டு ஆராயத்தக்கது.

பாம்பு நாடோடியன்று. எவ்வளையிற் பதுங்கலாம், எங்கே நீருண்டு, எவ்வழியில் இரை வரும் என்பவற்றை அறிந்து தன் எல்லைக்குள் வாழ்வது. தொலைவில் விடப்பட்ட பாம்பு இவையனைத்தையும் இழந்து அலையும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், வாலாற் கிலுகிலுவென ஒலிக்கும் விரியன் இனமொன்றுக்கு வானொலிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வு 1999இல் வெளியாயிற்று. இடம்பெயர்க்கப்பட்டவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை இறந்தன. சொந்த இடத்தில் வாழ்ந்தவற்றுள் இறந்தவை ஒன்பதில் ஒன்றே. அலையும் பாம்பு பிறிதொரு மனையை அடைதலும் கூடும். அன்றியும், சாரையை அகற்றிய வளவில் எலி பெருகும். எலியைத் தேடி வேறொரு பாம்பு வரும். வருவதும் சாரையாகவே இருக்குமென்று யார் உறுதி கூறுவார்?

ஆயின் செய்யத்தக்கது யாது? முற்றத்திற் கண்ட பாம்பெனின், சிறுவரையும் நாயையும் அப்பாற்படுத்தி, அதன்மேல் வைத்த கண்ணை எடுக்காது எட்ட நின்றாற் போதும்; பெரும்பாலும் தானே அகன்றுவிடும். அறைக்குள் புகுந்ததாயின் உட்கதவுகளை அடைத்து, அவற்றின் அடியிற் சீலையைத் திணித்து, வெளிவாயிலைத் திறந்துவிடல் வேண்டும். அப்பொழுதும் போகாவிடின் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தோ பயின்றவரை அழைத்தோ அகற்றுதல் நன்று. பயின்றவர் பாம்பின் கழுத்தை இறுக்கார். நீண்ட கொக்கியால் மெல்லத் திருப்பி, ஒரு முனையிற் பை கட்டிய குழாயை அதன்முன் வைப்பர். இருண்ட துவாரத்தைக் கண்ட பாம்பு ஒளிவிடமென்றெண்ணித் தானே உட்புகும். வாலைப் பிடித்துத் தூக்கி ஊரார்க்குக் காட்டுதல் திறமையன்று. தமிழ்நாட்டின் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், பிடித்த பாம்பினின்றும் நஞ்செடுத்தபின் அதனை மீளக் காட்டில் விடுவர். இருளர் குலத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றது இக்கலையின் அருமைக்குச் சான்று. நம் மருத்துவமனைகளில் ஏற்றப்படும் நச்சுமுறி மருந்தும் இந்தியாவிலிருந்து வருவதே.

பிடித்த பாம்பை, பிடித்த இடத்துக்கு அணித்தாக, மனித நடமாட்டமற்ற பற்றையில் விரைந்து விடுதலே தக்கது. அது மீண்டும் வருமே என்பார்க்கு விடை வளவைத் துப்புரவாக்குதலில் உள்ளது. விறகையும் ஓட்டுக் குவியலையும் சுவரோடு சேர்த்து அடுக்காமை, நெல்லை எலி புகாவண்ணம் வைத்தல், சுவர்த் துளைகளை அடைத்தல் என்பன எளியன. மாரி வெள்ளத்தில் வளைகள் நீரில் மூழ்குவதாற் பாம்புகள் மேட்டிலுள்ள வீடுகளை நாடும். அக்காலத்தில் விழிப்பு இருமடங்கு வேண்டும். கட்டுவிரியன் இரவில் உலாவி, நிலத்திற் படுத்துறங்குவோரைக் கடிப்பது. அக்கடி நோவாமையால் உணரப்படாமலும் போகும். கட்டிலும் நுளம்புவலையும் இதற்கு நற்காவல்.

இலங்கையில் 2012, 2013ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த நாடளாவிய ஆய்வு, ஓராண்டிற் பாம்புக்கடிக்கு ஆளாவோர் ஏறத்தாழ 80,000 பேரென்றும் இறப்போர் 464 பேரென்றும் மதிப்பிட்டது. கடியுண்டவரை அசையவிடாது, கீறாது, இறுகக் கட்டாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். 1990 என்னும் எண்ணுக்கு அழைப்பின் நோயாளர் வண்டி இலவசமாக வரும். கடித்த பாம்பைத் தேடிக் கொல்வதிற் பொழுது போக்கலாகாது. துண்டித்த தலையும் சிறிது நேரம் கடிக்க வல்லது.