வண்டிக்கும் ஒரு பேரேடு வேண்டும்

ஒரு காலத்தில் நம் ஊர் மளிகைக் கடைக்காரர் வீட்டு வாசலில் ஒரு டி.வி.எஸ். 50 நிற்கும். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் முதலாளி. திருப்பூர் மார்க்கெட்டுக்கும் அவிநாசிக்கும் அதிலேயே போய் வந்தவர்கள் நம்மில் பலர். இன்று பெருமாநல்லூர் நால்ரோட்டில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். சேலம்-கொச்சி நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி கோபி ரோட்டிலும் திருப்பூர் ரோட்டிலும் பிரியும் வண்டிகளில் பொலீரோ, ஸ்கார்ப்பியோ, தார், சஃபாரி என்று வரிசையாக வருகின்றன. உழைத்துச் சம்பாதித்து வாங்கியவை. அதில் தவறு ஏதும் இல்லை.

ஆனால் வாங்கிய ஆறு மாதத்திலேயே நம்மவர்களைப் பிடித்துக்கொள்ளும் ஒரு நோய் உண்டு. "இன்னும் கொஞ்சம் பவர் ஏற்றினால் என்ன?" என்பதே அந்த நோய். இதைப் பற்றி எழுத நமக்கு முழுத் தகுதி இருக்கிறது. நாமும் அந்த நோயில் படுத்து எழுந்தவர்கள்தாம்.

திம்பம் மலையில் கற்ற பாடம்

நம்முடைய வண்டி காமன் ரெயில் டீசல் எஞ்சின் உள்ள ஒரு ஜீப் ரகம். நண்பர் ஒருவர் சொன்னார் என்று சிறு தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு மின்னணுப் பெட்டியை வாங்கி எஞ்சினில் மாட்டினோம். முதல் ஒரு மாதம் ஆனந்தம்தான். மிதித்தால் பாய்ந்தது. நெடுஞ்சாலையில் லாரிகளை முந்துவது விளையாட்டாக இருந்தது. டயரைப் பெரிதாக்கினோம். முன்னால் இரும்புக் கம்பி வளைவும் வைத்தோம்.

இரண்டாவது மாதம், தாளவாடிப் பக்கம் சரக்கு விலை பார்த்து வர நாலு பேர் கிளம்பினோம். பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திம்பம் மலைப்பாதையில் ஏறினோம். அங்கே 27 கொண்டை ஊசி வளைவுகள். பத்து வளைவு தாண்டுவதற்குள் கருகல் வாடை வந்தது. எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. கிளட்ச் தட்டு தேய்ந்து வழுக்கிவிட்டது. வண்டியை வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு கீழே இறங்கினோம். கிளட்ச் செலவுடன், டர்போவிலும் எண்ணெய்க் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு மாதக் கடை லாபம் போயிற்று.

வண்டியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் தம்பி சொன்னதை இன்னும் மறக்கவில்லை. "வண்டி கெடலீங்கண்ணா, நாமதான் கெடுத்துப்போட்டோம்."

அந்தப் பெட்டி என்ன செய்கிறது?

பெட்ரோல் எஞ்சினில் காற்றைக் கட்டுப்படுத்தி ஓட்டுகிறோம். டீசல் எஞ்சினில் உள்ளே செலுத்தும் டீசலின் அளவே பலத்தைத் தீர்மானிக்கிறது. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது, அதற்கேற்ப டீசல் சேர்கிறது. நாம் சொல்லும் பெட்டிகளில் பல, டீசல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் கணக்கைத் திரித்து வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்கின்றன. அழுத்தம் குறைவாக இருப்பதாக நம்பி, கம்ப்யூட்டர் அழுத்தத்தைக் கூட்டுகிறது. டீசல் அதிகம் போகிறது, பலம் கூடுகிறது. கூடவே வெப்பமும் கூடுகிறது.

எடைக்கல்லைத் திரித்து வியாபாரம் செய்தால் அன்றைய கல்லாவில் பணம் கூடும். பிறகு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததே. பெட்டி கொடுக்கும் பலமும் அப்படித்தான்.

அப்படியானால் கம்பெனிக்காரர்கள் மட்டும் பலத்தைக் கூட்டவில்லையா என்று கேட்கலாம். கூட்டியிருக்கிறார்கள். 2002இல் வந்த மகிந்திரா ஸ்கார்ப்பியோவுக்கு 2005இல் காமன் ரெயில் எஞ்சின் கிடைத்தது. 2008இல் 2.2 லிட்டர் எம்ஹாக் எஞ்சின் 120 குதிரைத்திறனுடன் வந்தது. 2022இல் வந்த ஸ்கார்ப்பியோ-என் வண்டியில் அதே 2.2 லிட்டர் அளவு எஞ்சின் சுமார் 175 குதிரைத்திறன் தருகிறது. ஆனால் இது ஒரு பெட்டியால் வந்ததல்ல. எஞ்சினே அலுமினியத்தில் புதிதாகச் செய்யப்பட்டது. டர்போ, கியர்பாக்ஸ், பிரேக், சட்டம் எல்லாம் சேர்ந்து மாறின. நாமோ ஒன்றை மட்டும் கூட்டிவிட்டு மற்ற எல்லாவற்றையும் பழைய பலத்திலேயே விட்டுவிடுகிறோம்.

சட்டமும் இன்சூரன்ஸும்

செலவு ஒருபுறம் இருக்க, சட்டம் மறுபுறம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் வண்டியைத் திருத்தும் உரிமையாளருக்கு ஒவ்வொரு திருத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி வளைவும் இந்தப் பிரிவுக்கு விரோதம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. சொந்தக் கார் என்று எடுத்த இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். சாமான் மாதிரிகளும் சொந்தப் பெட்டி படுக்கையும் தவிர, சரக்கு ஏற்றுவதற்கு அந்தப் பாலிசி பொருந்தாது. பின் சீட்டை மடித்து எட்டு மூட்டை அரிசியை ஏற்றிக்கொண்டு போகும்போது விபத்து நடந்தால், இழப்பீடு கேட்கும் இடத்தில் நாம் தலைகுனிய நேரிடும். சரக்குக்குச் சரக்கு வண்டிதான் சரி.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

பெட்டியைக் கழற்றி வைத்த பிறகு, ஞாயிறு மதியம் கடை சாத்தியதும் ஒரு மணி நேரம் வண்டியோடு இருப்பது நமக்கு வழக்கமாயிற்று. வண்டி பழைய ஓட்டத்துக்கு வந்தது அந்த ஒரு மணி நேரத்தால்தான். வீட்டிலேயே செய்யக்கூடியவை இவை.

1. காற்று: நம் பகுதியில் பஞ்சுத் தூசிக்குப் பஞ்சமில்லை. பனியன் கம்பெனி, நூல் மில் பக்கம் நிறுத்தும் வண்டியின் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தால் மெல்லிய போர்வை போலப் படிந்திருக்கும். மூச்சு முட்டும் எஞ்சின் புகை தள்ளும், டீசல் குடிக்கும். பல வண்டிகளில் "பவர் குறைந்துவிட்டது" என்பதற்கு இதுவே காரணம். தட்டிச் சுத்தம் செய்வதைவிடக் குறித்த கிலோமீட்டரில் புதிதாக மாற்றுவதே நல்லது. தூசி அதிகமான ஊரில் அதற்கும் முன்பே மாற்ற வேண்டும். ரேடியேட்டர் முன்னாலும் பஞ்சு அடைந்திருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு மெல்லிய பிரஷ்ஷால் எடுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

2. டீசல்: டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் பிரிந்து தேங்கும். விளக்கு எரியும் வரை காத்திராமல், கம்பெனிப் புத்தகத்தில் சொன்னபடி அடித் திருகைத் தளர்த்தி வடித்துவிடுங்கள். தண்ணீர் இன்ஜெக்டருக்குப் போனால் செலவு பெரிது. ஒரு எச்சரிக்கை: காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பார், அதற்கு மேலும் போகும். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல். அதாவது டயரைவிட அறுநூறு, எழுநூறு மடங்கு. எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாய்களில் ஸ்பானர் வைக்கவே கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இன்ஜெக்டர் வேலையை அதற்கென்று இருக்கும் பட்டறைக்கே விட்டுவிட வேண்டும்.

3. எண்ணெய்: டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதற்கு உயிர் கொடுப்பது எஞ்சின் ஆயில்தான். சமதரையில் நிறுத்தி, சிறிது நேரம் கழித்துக் குச்சியை எடுத்து அளவு பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறுமவிட வேண்டாம். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நிறுத்தினால், அரை நிமிடம் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.6 வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த தனி ரக ஆயில் தேவை. மலிவாகக் கிடைத்தது என்று பழைய ரகத்தை ஊற்றினால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

4. புகை வடிகட்டி: பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்துவைத்து, சூடேறும்போது எரித்துவிடும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வீட்டுக்கும் கடைக்கும் இரண்டு கிலோமீட்டர், கடையிலிருந்து பேங்குக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஓட்டும் நமக்கு இதில்தான் தொல்லை. எஞ்சின் சூடாகாததால் கரி எரிவதில்லை. விளக்கு எரிந்தால் பெருந்துறை வரை ஒரே சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். பெரும்பாலும் அதுவே மருந்து. வடிகட்டியை வெட்டி எடுத்துவிடச் சொல்லும் யோசனையை ஏற்க வேண்டாம், அது சட்ட விரோதம்.

5. யூரியாக் கரைசல்: சில வண்டிகளில் இதற்குத் தனித் தொட்டி உண்டு. 32.5 சதவிகிதம் சுத்த யூரியாவும் மீதி தாது நீக்கிய நீரும் சேர்ந்தது இது. உரக்கடை யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றும் சாமர்த்தியம் வேண்டாம். 2015 முதல் நாட்டில் உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அது பயிருக்கு நல்லது, வண்டிக்கு நஞ்சு. கரைசலைத் தவறிக்கூட டீசல் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

6. பாதுகாப்பு: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. தாங்குகட்டை வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகே கீழே போக வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாடும், 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு ஊரே தவித்ததும் நாம் கண்ட கதை. கேனில் பிடித்து, முறையாகச் சேகரிக்கும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

செலவு செய்யத் தகுந்த மேம்பாடு

வண்டிக்குச் செலவே செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. கம்பெனி குறித்த அளவிலேயே நல்ல ரக டயர், நல்ல பிரேக் கட்டை, காலாகாலத்தில் மாற்றிய பிரேக் ஆயில், தேய்ந்த புஷ்களை மாற்றுவது, மங்கிய ஹெட்லைட் கண்ணாடியைத் துலக்குவது, நல்ல பேட்டரி ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. சீக்கிரம் போவதைவிடச் சீக்கிரம் நிற்பதுதான் மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு வேண்டிய குணம்.

ஒரு நோட்டு, ஒரு பேனா

கடைசியாக ஒன்று. கடைக்குப் பேரேடு வைக்கும் நாம் வண்டிக்கு வைப்பதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய டீசல், மாற்றிய பொருள், கொடுத்த தொகை என்று ஐந்து கட்டம் போடுங்கள். ஒவ்வொரு முறையும் தொட்டி நிரப்பி எழுதினால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது தானே தெரியும். மைலேஜ் திடீரென்று குறைந்தால், விளக்கு எரிவதற்கு முன்பே நோட்டு சொல்லிவிடும். நாளை வண்டியை விற்கும்போது அந்த நோட்டே நல்ல விலை பேசும்.

கணக்கு என்றதும் இன்னொன்று. ஓட்டுநர் உட்பட 13 பேர் வரை ஏறும் பயணிகள் வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை, வாடகைக் கார் ஓட்டுவது போன்ற சில தொழில்கள் தவிர, நாம் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. அதன் பழுது பார்ப்புக்கும் இன்சூரன்ஸுக்கும் இதே விதிதான். சரக்கு வண்டிக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே கடை பெயரில் ஜீப் வாங்கி எல்லாம் வரவு வைக்கலாம் என்று நினைப்பவர்கள், வாங்கும் முன் தங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நாம் கழற்றிய அந்தப் பெட்டி இன்றும் கடை மேஜை டிராயரில் கிடக்கிறது. விற்கவும் மனமில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை. "உங்க வண்டிக்கு என்ன போட்டீங்க, இவ்வளவு நல்லா ஓடுது?" என்று யாராவது கேட்டால் டிராயரைத் திறந்து பெட்டியைக் காட்டுவோம். "இதைக் கழட்டினோம்" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக் கொடுப்போம்.