திரும்பி ஓடும் பெட்ரோல்

சித்திரை மாதத்து நண்பகல். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலைப்பாதையில், லாரிகளின் வரிசைக்குப் பின்னால் பழைய அம்பாசடர் கார் ஒன்று பத்து நிமிடங்களாக நின்றபடியே இயங்கிக்கொண்டிருக்கிறது. வழி திறக்கிறது. வண்டி இரண்டடி நகர்ந்து, இருமி, அடங்கிவிடுகிறது. ஓட்டுநர் பானட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பின்மேல் ஓர் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருக்கிறார். கால் மணி நேரம் சென்றபின், ஒன்றுமே நிகழாததுபோல் எஞ்சின் ஓடத் தொடங்குகிறது. டாங்கியில் பெட்ரோல் குறையவில்லை, மின்பொறியிலும் பழுதில்லை. அங்ஙனமாயின் வண்டி நின்றது ஏன்? ஈரத்துணி செய்த மாயம் யாது?

நீர் கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்பதை நாம் அறிவோம். பெட்ரோலுக்கு அத்தகைய ஒற்றைக் கொதிநிலை கிடையாது. அது பல பொருள்களின் கலவை. அவற்றுள் இலேசானவை ஏறத்தாழ 35 பாகையிலேயே ஆவியாகத் தொடங்கும். கனமானவை 200 பாகையை அண்மிய பின்னரே ஆவியாகும். மேலும், அழுத்தம் குறையுமாயின் கொதிநிலையும் தாழும். பழைய கார்களில் டாங்கி பின்புறம் இருக்கும். பம்போ எஞ்சினோடு ஒட்டி நின்று பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. எஞ்சினின் வெப்பமும் அங்கேயே தாக்குகிறது. மலை ஏற ஏறக் காற்றின் அழுத்தமும் குறைகிறது. மூன்றும் ஒன்றுசேர, குழாய்க்குள் குமிழிகள் தோன்றுகின்றன. திரவத்தைத் தள்ளுவதற்கென அமைந்த பம்பினுள் ஆவி புகுந்தால், அது அழுந்தி விரியுமேயன்றி முன்னே செல்லாது. இதனையே பணிமனைகளில் 'வேப்பர் லாக்' என்பர். ஆவியடைப்பு என நாம் கூறலாம்.

எனினும், வெப்பம் மட்டும் குற்றவாளியன்று. கார்புரெட்டரின் மிதவைக் கிண்ணம் நிரம்பியதும் ஊசி வால்வு மூடிக்கொள்ளும். நின்றபடி இயங்கும் சிறு எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோலையே செலவிடும். ஆகவே குழாயிலுள்ள பெட்ரோல் பெரும்பாலும் தேங்கியே கிடக்கிறது. ஓடும் வாய்க்கால் நீர் தண்ணென்றிருக்க, அருகிலுள்ள குட்டை நீர் வெயிலில் சுடுவதை நாம் கண்டதில்லையா? பெட்ரோலின் நிலையும் அதுவே.

தேங்குவதே நோயானால், ஓடச் செய்வதே மருந்து. கார்புரெட்டருக்கு அருகில் குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து, அதனை மீண்டும் டாங்கிக்கே கொண்டு செல்வர். இதுவே திரும்புகுழாய். எஞ்சினுக்கு வேண்டாத பெட்ரோலும், உண்டான குமிழிகளும் இதன் வழியே திரும்பிவிடும். டாங்கியிலிருந்து குளிர்ந்த பெட்ரோல் இடையறாது வந்து பம்பையும் குளிர்விக்கும்.

கிளையின் வாய் அகன்றிருந்தால், பெட்ரோல் முழுவதும் அவ்வழியே ஓடிவிட, கார்புரெட்டர் பட்டினி கிடக்கும். ஆதலின் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள சிறு துளையே வைக்கின்றனர். ஆவி மேலே எழும் இயல்புடையது. எனவே கிளை மேற்புறத்திலிருந்து பிரிய வேண்டும். திரும்பும் குழாய் புகைபோக்கியை நெருங்காமல் சென்று, டாங்கியின் மேற்பகுதியில் சேர வேண்டும்.

இங்குதான் உயிருக்கே ஆபத்தான ஒரு பிழை நேரக்கூடும். டாங்கியைக் காலி செய்துவிட்டோம் என்று எண்ணி, அதில் துளையிடவும் பற்றவைக்கவும் சிலர் துணிவர். நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கியே கொடியது! திரவம் போனபின்னும் ஆவி உள்ளே தங்கும். காற்றில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு கலந்திருந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். ஆகையால், இப்பணியைத் தேர்ந்தவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். பெட்ரோல் அளவைக் காட்டும் கருவியின் தகட்டைத் தனியே கழற்றி வெளியே எடுத்துச்சென்று, அதில் இணைப்பு அமைத்து மீண்டும் பொருத்துவது பாதுகாப்பான வழிகளுள் ஒன்று.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டு முதல் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனால் தனியே 78 பாகையில்தான் கொதிக்கும். ஆயினும் பெட்ரோலில் சிறிதளவு கலக்கும்போது அக்கலவை எளிதில் ஆவியாகும் தன்மையைக் கூட்டுகிறது. பழைய ரப்பர் குழாய்களையும் அது கெடுக்கக்கூடும். ஆகவே, புதிய குழாய்கள் எத்தனாலைத் தாங்குவனவாக இருத்தல் இன்றியமையாதது.

திரும்புகுழாய் எல்லாக் குறைகளையும் தீர்ப்பதன்று. எஞ்சினை நிறுத்தியபின் மிதவைக் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்தால், அதனை இது தடுக்காது. அதற்கு வெப்பத்தைத் தடுக்கும் அடித்தகடு வேண்டும். ஈரத்துணி விளைவைச் சிறிது நேரம் தணிக்கிறது; திரும்புகுழாயோ காரணத்தையே நாடிச் செல்கிறது. பழுது கண்ட இடத்தில் கைவைக்குமுன், அது எதனால் நேர்ந்தது என்று கேட்பதே பொறியியலின் முதற்பாடம் ஆகும்.